இரண்டாம் பந்தி

செல்வக்கனி வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கடல் முழுசாகத் தெரியும். வீடு கட்டும்போது அதற்காகவே கூடுதலாக ஒரு தளம் எழுப்பினார்கள். இப்போது அவள் மாடிப்பக்கம் போவதே இல்லை. வடகம் காயப்போட வேண்டுமென்றாலும் அண்ணன் மனைவி கோமதி மைனியைத்தான் அனுப்புவாள். கடலின் விளிம்பு வெள்ளையாகிக்கொண்டு வருவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அந்த வெள்ளைக்குக் காரணம் அவள்தான். தூத்துக்குடியில் இருந்து கன்னியாகுமரி வரைக்கும் கரையோரத்தில் எந்த வீட்டுக்குள் போனாலும் அடுக்களைச் சுவரில் ஒரு டப்பா தொங்கும். ஒரு பக்கம் கடல்தண்ணீர் போகும், மறுபக்கம் குடிதண்ணீர் வரும். ஒரு மின்விசிறிக்கு ஆகிற கரண்ட்கூட அதற்கு ஆகாது. கனிச் சல்லடை என்று ஊரே பெயர் வைத்தது. கல்யாணம்கூட ஆகாத வயதில் அவள் கண்டுபிடித்தது. தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய ஊர், அவள் புண்ணியத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கிற ஊராகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, பெரிய காரியம்தான்.

ஆனால் கடல்தண்ணீரில் இருந்து நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்டால் மிச்சம் என்று ஒன்று இருக்குமில்லையா? கொழகொழவென்று உப்புக் கஞ்சி. எல்லா வீட்டுக் குழாயும் அதைத் திரும்பக் கரையிலேயே கொண்டுபோய்க் கொட்டியது. கொஞ்ச காலம் கடல் பொறுத்துக்கொண்டது. அப்புறம் நண்டு போனது, நெத்திலி போனது, கரை ஓரத்து மீன்குஞ்சு மொத்தமும் போனது. வாசலுக்கு மீன் கொண்டுவரும் லூர்து, "ஒங்க டப்பாதான்க்கா எங்க கடல முழுங்குது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அவள் வரவில்லை. விற்க மீன் இருந்தால்தானே வருவாள்.

இதற்குத் தீர்வு என்ன என்று கனிக்கு முக்கால்வாசி தெரியும். உப்புக் கஞ்சியில் துணித் திரியை நட்டு வைத்தால், விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது கஞ்சியை மேலே இழுக்கும். வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு திரியின் மேலேயே கட்டிப்போய் நிற்கும். அதை வாரிக்கொண்டால் கடலுக்கு ஒரு சொட்டுகூடத் திரும்பப் போகாது. ஆனால் ரெண்டே நாளில் உப்பு திரியை அடைத்துவிடும், திரி விறைத்துச் செத்துப்போகும். அடைக்காத திரி ஒன்று வேண்டும். "அந்தத் திரிய ஒரு கை பாத்துடணும்" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். காலையில் கோமதி மைனி சுடும் தோசை, அதற்கப்புறம் பேப்பர், அதற்கப்புறம் ஏதாவது கல்லூரியில் ஆண்டு விழா, பொன்னாடை. மத்தியானம் சாப்பிட்டால் கண்ணைச் செருகும். எழுந்தால் வாழைக்காய் பஜ்ஜி. வீட்டுக்காரர் பால்துரை துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், தங்கமான மனுஷன். மகள் சென்னையில் நல்ல வேலையில் இருந்தாள். எப்போதாவது ரோஷம் வந்து பட்டறைக் கதவைத் திறப்பாள். நாலு திரியை எடுத்துப் பார்ப்பாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும், வந்துவிடுவாள். சோம்பேறி என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது. உள்ளே எரிந்துகொண்டிருந்த ஒன்று அணைந்துவிட்டது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால் வெட்கமாகவும் இருந்தது.

அப்படி அணைந்துபோனவர்களுக்கென்றே ஊரில் ஓர் ஆஸ்பத்திரி வந்திருந்தது. உந்துதல் மனை என்று பெயர். மெடல் வாங்கிய பிறகு ஓட முடியாத ஓட்டக்காரர்கள், அப்பன் சொத்தில் உட்கார்ந்து போரடித்துப்போன பிள்ளைகள் எல்லாம் அங்கே போய் வந்தார்கள். வரும்போது ஒரு மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்கள், ஆனால் ஓடினார்கள். கனியும் ஒருநாள் போனாள்.

டாக்டர் மைமூன் காயல்பட்டினத்துக்காரி, சின்ன வயசு. "ஒங்க டப்பாத் தண்ணியக் குடிச்சு வளந்தவ நான்" என்று எழுந்து நின்று வரவேற்றாள்.

"எனக்கு என்ன வியாதி டாக்டர்?"

"வியாதி எல்லாம் ஒண்ணுமில்லக்கா. நல்லா இருக்கிய. அதான் சிக்கலே. மனுஷங்கள ஓட வைக்கிறது ஆசைன்னு நெனைக்கோம். நெறைய பேருக்கு அது ஆசை இல்ல, அடி. எங்கயோ ஒரு அடி விழுந்திருக்கும், அந்த வலியில ஓடுவாங்க. நாள் போகப் போக மூளை என்ன செய்யும்னா, நடந்த கதைய வச்சிக்கிட்டு வலிய மட்டும் கழிச்சிரும். மறக்கது வேற, ஆறுறது வேற. ஒங்களுக்கு ஆறிட்டு."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஓட வேண்டாம்னா நல்லதுதான்." டாக்டர் சிரித்தாள். "இங்க நாங்க அந்த வலிய மறுபடி பச்சையாக்கி விடுவோம். நேத்து நடந்த மாதிரி இருக்கும். இடது காதுக்குப் பின்னால மிளகளவுக்கு ஒரு கறுப்புத் தழும்பு நிக்கும், அது போகாது. மத்தபடி ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாது."

"எந்த அடின்னு நான் சொல்லணுமா?"

"ஒங்கள எது ஓட வச்சுதோ, அது மெஷினுக்கே தெரியும்."

தலையில் ஒரு தொப்பியை மாட்டிக் கண்ணை மூடச் சொன்னாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் சாம்பார் வாசம் வந்தது, கூடவே நனைந்த வாழை இலை வாசம். கனி கண்ணைத் திறந்து வாய்விட்டுச் சிரித்தாள். "அட, அதுவா! அது நாங்க வீட்டுல சிரிச்சுப் பேசுத கதையாச்சே!"

கதை இதுதான். அண்ணன் புது வீடு கட்டிப் பால்காய்ப்பு நடந்தது. கனி அப்போது படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அண்ணன் நிழலில் இருந்தாள். காலையில் இருந்து ஓடியாடி வேலை செய்த பசியில், வீட்டுக்காரர்கள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்ற வழக்கத்தை மறந்து முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இலை போட்டு, சோறு விழுந்து, பருப்பும் நெய்யும் ஊற்றிப் பிசைந்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மைனியின் பிறந்த வீட்டுச் சம்பந்தக்காரர்கள் மதுரையில் இருந்து வந்து இறங்கினார்கள். இடம் போதவில்லை. கோமதி மைனி நேராகக் கனியிடம் வந்து கையால் சைகை காட்டினாள். "கனி, எந்திரி. நீ சும்மா இருக்கவதானே, அடுத்த பந்தில உக்காரு." பந்தியில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. பிசைந்த சோற்றுக் கையோடு கனி எழுந்தாள். கை கழுவப் போனால் தொட்டியில் பொட்டுத் தண்ணீர் இல்லை, அந்த வருஷத்துப் பஞ்சம் அப்படி. அதே கையோடு தெருவில் நடந்து, பஸ் ஸ்டாண்டில் நின்று, கடைசியில் கடலில் போய்க் கையைக் கழுவினாள். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு கை கழுவத் தண்ணீர் இல்லாத ஊர் என்ன ஊர் என்று அங்கே நின்றபோதுதான் தோன்றியது. அதற்கப்புறம் சல்லடை முடிகிறவரை அவள் நிற்கவே இல்லை.

"அந்த மைனி இப்போ எங்க இருக்காங்க?" என்று டாக்டர் கேட்டாள். "ஒரே வீட்டுல இருக்க ஆளுன்னா நாங்க தொட மாட்டோம்க்கா. அது எங்க கட்டுப்பாடு. எங்களுக்குக் கீறத்தான் தெரியும், ஆத்துறதுக்கு மருந்து கெடையாது."

கனி தொப்பியைக் கழற்றி நீட்டினாள். "விசாரிச்சுச் சொல்லுதேன்."

விசாரிக்க என்ன இருக்கிறது? அந்த மைனி அவள் வீட்டு அடுக்களையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். அண்ணன் இளவயதிலேயே நெஞ்சுவலியில் போய்விட, பிள்ளையில்லாத மைனியைக் கனிதான் கூட்டிக்கொண்டு வந்தாள். வெறுப்போடுதான் கூட்டிவந்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும். வந்தவள் வாயைத் திறக்காமல் அடுக்களையை எடுத்துக்கொண்டாள். கனியின் மகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியது அவள்தான். எந்த நாளில் வெறுப்பு போனது என்று கேட்டால் கனிக்குச் சொல்லத் தெரியாது. இப்போது மைனி இல்லாமல் அவளுக்குப் பொழுது விடியாது. பந்திக் கதை வீட்டில் ஒரு வேடிக்கையாகிவிட்டது. "நான் அன்னைக்கு எழுப்பாட்டா நீ இன்னும் மாப்பிள்ளைக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருப்ப" என்பாள் மைனி. "ஆமா, ஒங்களுக்கு ஒரு செல வைக்கணும்" என்பாள் கனி.

டாக்டர் சொன்னதைக் கேட்டு மைனி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்பம் என்னைய வெறுத்தாத்தான் ஒனக்கு வேல ஓடும். அப்படித்தானே?"

"வேண்டாம் மைனி, விடுங்க. சும்மா சொன்னேன்."

"ஏன் வேண்டாம்? லூர்து மகனுவ ரெண்டு பேரும் கேரளாவுக்குப் போயிட்டானுவளாம் மீன் பிடிக்க. இங்க என்ன இருக்கு அவனுவளுக்கு? நாலு மாசம் என்னைய வெறுத்தா கடல் பொழைக்கும்னா வெறுத்துட்டுப் போயேம்ட்டி. நாத்தனா மைனிய வெறுக்கது ஒலகத்துல இல்லாததா?"

"டாக்டர் ஒத்துக்கிட மாட்டாங்க."

"நான் வாரேன். நான் பேசுதேன்."

பேசினாள். மறுநாள் உந்துதல் மனையில் பக்கத்து வீட்டுக்காரி என்று தன்னைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்து, "அந்தக் கோமதியா? அவ போய்ச் சேந்து வருஷக்கணக்காச்சு டாக்டரம்மா. நல்லாவே வாழல பாவி" என்று அவளே தன்னைக் கொன்று முடித்தாள். கனிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை வருஷத்துப் பாசம், ஒரு தொப்பியா அதை அசைத்துவிடும் என்று ரெண்டு பேருமே நம்பினார்கள். உறவுக்காரர்கள் செய்கிற முட்டாள்தனம் இது. வேற்று ஆளாக இருந்தால் பயந்திருப்பார்கள்.

கனி வெளியே வந்தபோது மைனி பிளாஸ்கில் காபியோடு காத்திருந்தாள். மூடியில் ஊற்றி நீட்டினாள். கனி அந்தக் கையைப் பார்த்தாள். எந்திரி என்று சைகை காட்டிய கை. காதில் "நீ சும்மா இருக்கவதானே" என்றது, நேற்றுக்கூட இல்லை, இப்போது, இந்த நிமிஷம். இருபது வருஷத்துத் தோசையும் காபியும் நினைவில் இருந்தன. ஆனால் யாரோ சொல்லிக் கேட்ட செய்தி மாதிரி இருந்தன.

"சூடு ஆறிரும் கனி, குடி."

"வேண்டாம்" என்றாள் கனி. ஆட்டோவில் மைனி பக்கம் திரும்பாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும் பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு போனவள், அன்றில் இருந்து அங்கேயே படுத்து அங்கேயே எழுந்தாள்.

பட்டறை உப்பளத்துச் சாலையில் இருந்தது. பன்னும் டீயுமாக அவள் வேலை பார்த்த வேகத்தைப் பால்துரை பார்த்துப் பயந்துபோனார். பருத்தியில் திரி, தேங்காய் நாரில் திரி, பழைய வேட்டியில் திரி. எல்லாம் அடைத்துக்கொண்டு விறைத்தன. பிய்த்து எறிந்துவிட்டு அடுத்ததை நட்டாள். காட்டுகிறேன், நான் யார் என்று காட்டுகிறேன் என்று உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டே இருந்தது. யாருக்குக் காட்ட? அந்த மனுஷிதான் பட்டறை வாசலில் தூக்குச்சட்டியோடு நின்றாளே!

"சாப்பிடாம கெடந்தா என்னத்துக்கு ஆவும்ட்டி?" என்று மைனி மூடியைத் திறந்தாள். சாம்பார் வாசம் குப்பென்று வந்தது.

"சும்மா இருக்கவளுக்கு எதுக்கு மைனி சோறு?" என்றாள் கனி. "நான் அடுத்த பந்தில பாத்துக்கிடுதேன்."

மைனியின் முகம் சுருங்கியது. ஆனாலும் சமாளித்துக்கொண்டாள். "சொல்லு. இன்னும் நாலு சொல்லு. சாப்பிட்டுட்டுச் சொல்லு."

கனி தூக்குச்சட்டியை வாங்கினாள். வாங்கி, சாம்பாரை அப்படியே மண்ணில் கொட்டினாள். கொட்டிவிட்டு மைனியின் முகத்தைப் பார்த்தாள். பார்க்க அவளுக்கு நன்றாக இருந்தது. அப்படி நன்றாக இருந்ததுதான் இந்தக் கதையிலேயே மோசமான விஷயம்.

மைனி காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அதற்கப்புறம் சில நாள் சாப்பாடு வரவில்லை.

"கோமதி அக்கா மூட்டையக் கட்டிக்கிட்டுத் திருநெல்வேலிக்கு அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க" என்று பால்துரை வந்து சொன்னார். "இனிமே வருவாங்கன்னு எனக்குத் தோணல. ஒனக்குச் சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான்" என்றாள் கனி, திரியில் இருந்து தலையைத் தூக்காமல்.

ஆனால் மைனி வந்துவிட்டாள். என்ன நினைத்தாளோ, ஒரு வாரம் கழித்துப் பட்டறைக் கதவுக் கொக்கியில் மறுபடியும் தூக்குச்சட்டி தொங்கியது. ஆளைக் காணவில்லை. கனி அதைத் தொடவில்லை, பால்துரையிடம் அப்படியே திருப்பி அனுப்பினாள். மறுநாளும் தொங்கியது. அதற்கு மறுநாளும் தொங்கியது.

ஆடிக்காற்று புழுதியை வாரி அடித்த ஒரு மத்தியானம், விறைத்துப்போன ஒரு திரியைக் கையில் பிடித்துக்கொண்டு கனி உட்கார்ந்திருந்தாள். பந்தி ஞாபகம் வழக்கம்போல ஓடியது. எழுந்தது, தொட்டியில் தண்ணீர் இல்லாதது, பஸ் ஸ்டாண்டில் நின்றது. பிசைந்த சோறு கையில் காய்ந்து தோலை இழுத்துப் பிடித்திருந்தது. அங்கே நின்று ஆத்திரத்தில் கையை மூடி மூடித் திறந்தாள். காய்ந்த பருப்பு விரிசல் விட்டு, பொறுக்குப் பொறுக்காக உதிர்ந்தது.

கனி நிமிர்ந்தாள். வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதையில் இந்தக் கை வந்ததே இல்லை. வலி போனபோது அதுவும் கூடவே போயிருந்திருக்கிறது. திரி நிமிர்ந்து நிற்பதால்தான் அடைக்கிறது! அது மூடித் திறக்கிற கை மாதிரி ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் வெளியே காற்று பேயாட்டம் ஆடுகிறதே.

முறுக்கி நெய்த திரி, காற்றடித்தால் முறுக்கு அவிழும், நின்றால் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் உப்பு பொலபொலவென்று கீழே கொட்டியது. அடைக்கவே இல்லை. கார்த்திகைக்குள் கரையோரத்து ஊர்களில் உப்புக் கஞ்சி கடலுக்குப் போவது நின்றது. தை பிறந்ததும் லூர்து நாலு நெத்திலியைப் பொன் மாதிரி இலையில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழுதாள்.

கனிக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த நெத்திலியைக் குழம்பு வைக்க மைனியின் கையில் கொடுக்க முடியவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் ஒரே கூரையின் கீழ் அவள் முன்வாசல் வழியாகவும் மைனி பின்வாசல் வழியாகவும் போய்வந்தார்கள். அடுக்களையில் மைனி இருமினால்கூட உடம்பு எரிந்தது. தான் எதைத் தொலைத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது, துக்கம் மட்டும் வரவில்லை. அந்தத் துக்கத்துக்குப் போகிற வழியைத்தான் வெறுப்பு அடைத்துக்கொண்டு நின்றதே.

டாக்டர் மைமூனிடம் போய், செத்துப்போனதாகச் சொன்னது பொய் என்று ஒத்துக்கொண்டாள். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இப்போ மூடிருங்க டாக்டர். வேல முடிஞ்சிட்டு."

"அன்னைக்கே சொன்னேம்லா, மூட மருந்து கெடையாதுன்னு. போன தடவ எப்படிக்கா ஆறிச்சு?"

"தெரியல. அவிய சோறு போட்டாவ, நான் தின்னேன். வேற என்ன?"

"மனசு ஆறின பொறவு தின்னியளா, தின்னு தின்னு மனசு ஆறிச்சா?"



மாசியில் கரையோர ஊர்க்காரர்கள் எல்லாம் சேர்ந்து மண்டபம் பிடித்து அவளுக்கு விருந்து வைத்தார்கள். மாலை மரியாதை எல்லாம் முடிந்து முதல் பந்தியில், நடு இலையில் உட்கார வைத்தார்கள். சோறு விழுந்தது, பருப்பும் நெய்யும் விழுந்தன. பிசைந்துகொண்டே பக்கத்து இலைப் பால்துரையிடம் கேட்டாள். "அவிய வந்திருக்காவளா?"

"அக்காவா? பின்னால தண்ணி டம்ளர் அடுக்கிக்கிட்டு நிக்காங்க. ஒன் கண்ணுல படப்பிடாதாம்."

நல்லா வேணும் என்றுதான் முதலில் தோன்றியது. இதைத்தானே காட்ட நினைத்தாள்? நடு இலையில் அவள், கொல்லைப்புறத்தில் மைனி. காட்டியாகிவிட்டது. கவளத்தை உருட்டி வாயருகே கொண்டுபோனாள். டாக்டர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. கவளத்தை இலையிலேயே வைத்தாள்.

அதுவரை அவளை எது எதுவோ பிடித்துத் தள்ளியிருக்கிறது. அவமானம், பசி, கோபம், கடைசியில் ஒரு மெஷின். இப்போது தள்ள ஒன்றுமே இல்லை. உள்ளே இருந்த குரல்கூட உட்கார் என்றுதான் சொன்னது. கனி தானாக எழுந்தாள்.

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாதியில் எழுவது விருந்து வைத்தவர்களுக்கு எவ்வளவு பெரிய குறை! சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்து, "உப்பு கூடிட்டாம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு. நீங்க எல்லாரும் சாப்பிடுங்க" என்று கும்பிடு போட்டுவிட்டுச் சோற்றுக் கையோடு பின்பக்கம் போனாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. கையைக் கழுவினாள்.

டம்ளர் அடுக்கோடு நின்ற மைனி அவளைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அடுத்த பந்திக்கு எல போடப் போறாங்க" என்றாள் கனி. "வாங்க." அன்பாகக் கூப்பிட்டாள் என்று சொன்னால் அது பொய். கந்துவட்டிக்காரன் கூப்பிடுகிற மாதிரிதான் குரல் வந்தது. ஆனாலும் கூப்பிட்டாள்.

ரெண்டாம் பந்தியில் ஓர் ஓரமாக ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இலை போட்டார்கள். மைனி தண்ணீர் தெளித்து இலையைத் துடைக்கக் குனிந்தாள். முகத்தில் விழுந்த நரைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். இடது காதுக்குப் பின்னால், மிளகளவுக்கு ஒரு கறுப்புத் தழும்பு.

கனியின் கை தன் காதுக்குப் பின்னால் போனது. "மைனி, இது என்ன?"

மைனி கூந்தலை இழுத்து மூடப் பார்த்தாள். அப்புறம் கையை விட்டுவிட்டாள். சோறு வந்தது, பருப்பு வந்தது. பரிமாறியவர் நகரும்வரை பொறுத்திருந்து சொன்னாள்.

"நீ சாம்பாரக் கொட்டின அன்னைக்கு எனக்கு மனசு விட்டுப்போச்சு. போடி, ஒனக்கு நான் என்ன கொற வச்சேன்னு தோணிட்டு. தங்கச்சி வீட்டுல சுகமாத்தான் இருந்தேன். ராணி மாதிரி வச்சிருந்தா. திரும்பி வர மனசே இல்ல. சொகமா இருந்தா யாருக்கு காலு எந்திரிக்கும்ட்டி? நீ கண்ட பாடுதானே அது."

"அதுக்கு?"

"அங்கயும் அந்த ஆஸ்பத்திரி இருக்கு. அப்பம் நான் ஒங்கூட இல்லையே, ஒரே வீடுன்னு தடுக்கவும் ஆளில்ல. இங்க உள்ள டாக்டரம்மாவுக்குத்தான் நான் செத்தவ, அங்க உயிரோட இருக்கேம்லா." மைனி லேசாகச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, உடனே போய்விட்டது. "என்னைய இத்தன வருஷம் ஓட வச்சது எதுன்னு மெஷின் காட்டிச்சு. அதே பந்திதான். நீ எலைய விட்டு எந்திரிச்சு, பிசைஞ்ச கையோட என்னைய ஒரு பார்வ பாத்தியே, அந்தப் பார்வ. ஒன் மகள வளத்தது, ஒனக்குத் தோச சுட்டது எல்லாம் அதுக்குத்தான் போல. நான் பாசம்னு நெனச்சிக்கிட்டு இருந்திருக்கேன்."

"பாசம் இல்லையா?"

"தெரியலயே. ரெண்டும் ஒண்ணாக் கெடக்கு, பிரிக்க முடியல. ஆனா பச்சையாக்கின பொறவு திரும்பி வந்து ஒலை வைக்க முடிஞ்சுது. அது போதும்னு இருந்துட்டேன்."

தூக்குச்சட்டி தினமும் ஏன் தொங்கியது என்று கனிக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும் வெறுப்பு போகவில்லை. இலையில் கிடந்த சோற்றையே பார்த்துக்கொண்டு பிசைந்தாள். பக்கத்தில் மைனியும் பிசைந்தாள்.

அந்த நேரம் பார்த்து விருந்துக்காரர் ஒருவர் பரபரவென்று வந்து வரிசையை எட்டிப் பார்த்தார். "பெரியவர் ஒருத்தர் மணப்பாட்டுல இருந்து வந்திருக்காரு. ஒரு எல மட்டும் கெடச்சா…"

அவர் முடிப்பதற்குள் மைனி எழுந்துவிட்டாள். பிசைந்த கை காற்றில் நிற்க, "நான் எந்திரிக்கேன், நான் எந்திரிக்கேன், நம்ம வீட்டு ஆளுதான், அடுத்த பந்தில பாத்துக்கிடுதேன்" என்றாள். கண்ணில் அப்படி ஒரு அவசரம். இந்த ஒரு தடவை எழுந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துபோகும் என்கிற மாதிரி.

எந்திரிக்கட்டும் என்றது கனிக்குள் இருந்த குரல். பந்தி முழுக்கப் பார்க்கட்டும், எந்திரிக்கட்டும்.

கனி இடது கையை நீட்டி மைனியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உக்காருங்க மைனி."

"விடுட்டி. பெரிய மனுஷன் நிக்காரு…"

"நிக்கட்டும். அடுத்த பந்தில உக்காந்தா யாரும் செத்துற மாட்டாங்க." விருந்துக்காரரைப் பார்த்து, "அண்ணாச்சி, பெரியவருக்குக் காத்து வாற எடமாப் பாத்து ஒரு நாற்காலி போடுங்க, இந்தா முடிச்சிருவோம்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மைனி உட்காரவில்லை. கனி பிடித்த கையை விடவுமில்லை.

"எனக்கு இன்னும் ஆறல மைனி" என்றாள் கனி, அவள் முகத்தைப் பார்க்காமல். "பொய் சொல்ல மாட்டேன். ஒங்க கையப் பாத்தாலே எரியுது. ஆனா நீங்க பாதில எந்திரிச்சா இது ஆறவே ஆறாது. உக்காந்து சாப்பிடுங்க."

மைனி மெதுவாக உட்கார்ந்தாள். சாம்பார் வாளி வந்தது. கனி தன் இலையிலும் மைனி இலையிலும் ஊற்றச் சொன்னாள். முதல் வாயைத் தண்ணீர் குடித்து இறக்கினாள். ரெண்டாவது வாயை அள்ளினாள்.